அல்ஃபாவும் ஒமேகாவும்

புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் கபோ சந்தை இரைச்சல் தேவாலயத்துக்குள்ளும் கேட்கிறது. ஸ்கூட்டரில் அடிபட்டுச் செத்த மகனின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து இன்றுதான் வேலைக்கு வந்திருக்கிறாள் அம்பிகை. தரை துடைக்கும் அவள் முன்னே, கூடவே வந்த அவள் கணவன் விக்னராஜா, வீட்டிலிருந்து எடுத்துவந்த சுத்தியலோடு நிற்கிறான். சிலுவையின் இருபுறமும் பளிங்கில் இரண்டு கிரேக்க எழுத்துகள்.

“இதுக்கு என்ன அர்த்தமெண்டு சொன்னனீர்?” என்று அவளைக் கேட்கிறான்.

“அல்ஃபா முதலெழுத்து, ஒமேகா கடைசி. தொடக்கமும் முடிவும் யேசுவாம்.”

“பதினாறு வயசிலை என்ன முடிவு?”

ஒமேகாவின் மேல் ஓங்கி ஓங்கி அடிக்கிறான். தெறித்த பளிங்குச் சில் அவள் கன்னத்தைக் கிழிக்கிறது. இரத்தத்தைக் கண்டதும் அவன் அடிப்பதை நிறுத்துகிறான். கன்னத்தைத் துடைக்காமலே அவள் சுத்தியலைப் பிடுங்குகிறாள்.

“தொடங்கினது என்ரை வயித்திலை,” என்று சொல்லி, அல்ஃபாவை அடிக்கிறாள்.