கொடி

“என்ன தம்பி, கொடி ஏத்தியாச்சா?”

கீழ்த்தளத்து சலூன்காரர் கடையைத் திறந்துகொண்டே கேட்டார். தினமும் கேட்பதுதான்.

“ஏத்தியாச்சுண்ணே.”

“கிளிப்பை நல்லா மாட்டினியா? அன்னிக்கு மாதிரி காத்தடிச்சா அவ்வளவுதான். வெட்டின முடியெல்லாம் தெருவுல ஓட, பின்னாலயே நான் விளக்குமாத்தோட ஓடினேனே...”

நாக்கைக் கடித்துக்கொண்டார். ‘அன்னிக்கு’ என்றால் அந்தச் செய்தி வந்த நாள் என்று இருவருக்கும் தெரியும்.

எழுவான். பல் தேய்ப்பான். அடுப்பில் பாலை வைப்பான். அது பொங்குவதற்குள் மொட்டைமாடிக்குப் போய், மனைவியின் மஞ்சள் துப்பட்டாவைக் கொடியில் போட்டு, கிளிப் மாட்டிவிட்டு இறங்குவான். பிறகு மூக்குக் கண்ணாடிக் கடைக்குக் கிளம்புவான். அவள் போன பிறகும் இதில் மாற்றமில்லை.

அவள் ராணுவத்தில் ஸ்னைப்பர். மறைந்து கிடந்து, நெடுந்தூரத்தில் இருப்பவனைக் குறிபார்த்துச் சுடுகிற வேலை. முதல்முதலில் அவன் கடைக்குக் கண் சோதனைக்கு வந்தவள், எழுத்து அட்டையின் கடைசி வரியையும் தாண்டி, அடியில் பொடியாக இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தாள். அவன் விழுந்தது அங்கேதான்.

சண்டை ஊர் எல்லைக்கு வந்தபோது சொல்லிவிட்டுப் போனாள். “தினமும் காலையில என் மஞ்சள் துப்பட்டாவைக் கொடியில போடுங்க. நான் பார்த்துக்குவேன்.”

அதற்கு மேல் கொஞ்சத் தெரியாதவள். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அந்தக் கெட்டித் துப்பட்டாவை அவன் துவைத்தது ஒரே ஒரு முறை. மறுநாள் அவளுக்கு விடுப்பு. வந்ததும் போட்டுக்கொள்வாள் என்று புகைக் கரி போக அலசினான். பிழிந்தால் சுருங்கும் என்று பிழியாமல், சொட்டச் சொட்டக் கொடியில் போட்டான். அது காய்வதற்குள் செய்தி வந்துவிட்டது.

“உயிர் போகிற நேரத்திலும் அந்த வீராங்கனையின் வாயில் வந்த சொல், கொடி! நம் நாட்டின் கொடி!” என்று அடக்கத்தின்போது கேப்டன் முழங்கினார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவனுக்கு மட்டும் அது அவள் பேச்சாகவே படவில்லை. அவள் கடைசியாகச் சொன்னது என்ன? அது தெரியாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

“மாமா...”

வாசலில் ஓர் இளைஞன். கட்டுப்போட்ட கை கழுத்தில் தொங்கியது.

“நான்தான் அக்காவோட ஜோடி. பக்கத்துலயே கிடந்து, தூரத்தை அளந்து சொல்றவன். நேத்துதான் ஆஸ்பத்திரியிலேருந்து விட்டாங்க.”

உள்ளே வந்தவன் ஜன்னலுக்கு நேராகக் கிடந்த நாற்காலியை விட்டு, சுவரோரம் போய் உட்கார்ந்தான். அவளும் அங்கேதான் உட்காருவாள்.

“அக்கா உங்களைப் பத்தி நிறையப் பேசுவாங்க.”

“பொய் சொல்லாதே. அவ வீட்டுலயே பேச மாட்டா.”

வந்தவன் சிரித்துவிட்டான். “சரி, ஒரே ஒரு தடவை. ‘உங்க மாமா டீ கொடுத்தா குடிச்சுடாதே’ன்னாங்க.”

கோப்பையை நீட்டியபடியே அவன் நின்றான். வந்தவன் வாங்கிக் குடித்து, “அக்கா பொய் சொல்லல,” என்றான்.

“அங்கே எப்படி இருப்பா?”

“அசையவே கூடாது மாமா. முந்தின ராத்திரியே தண்ணிய நிறுத்திடுவோம். நடுவுல ஒண்ணுக்கு எழுந்திருக்க முடியாதே. ஒரு தடவை அக்கா காதுக்குள்ள எறும்பு போயிடுச்சு. பொழுது சாயறவரைக்கும் கையை எடுக்கல.”

விடுப்பில் வந்தாலும் அவள் கட்டிலில் படுக்க மாட்டாள். தரையில் குப்புறத்தான் படுப்பாள். அவனும் தரைக்கு இறங்கிவிடுவான். கட்டில் இப்போதும் அப்படியேதான் கிடக்கிறது.

“கடைசியா என்ன சொன்னா?”

“கேப்டன்தான் சொன்னாரே.”

“அது கேப்டன் சொன்னது. அவ என்ன சொன்னா?”

வந்தவன் கோப்பையைக் கீழே வைத்தான். “வயர்லெஸ்ல அவருக்குக் கொடிங்கிற ஒரு வார்த்தைதான் கேட்டிருக்கு. வாங்க, மாடிக்குப் போவோம்.”

மொட்டைமாடியிலிருந்து ஒரு பக்கம், தொலைவில், பழைய தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. மறுபக்கம் ஆறு.

“தொட்டிதான் எங்க இடம். ஆத்துக்கு அந்தாண்டை எதிரி. நடுவுல உங்க மாடி.” வந்தவன் துப்பட்டாவின் நுனியைத் தொட்டான். “அக்கா சொன்னது இந்தக் கொடியை மாமா. நாட்டுக் கொடி இல்ல, நம்ம வீட்டுத் துணிக் கொடி. தினமும் இதைப் பார்க்காம துப்பாக்கியைத் தொட மாட்டாங்க.”

அவன் சிரித்தான். எத்தனையோ நாள் கழித்து. பார்த்திருக்கிறாள். சொன்னபடி, தினமும்.

“என் ஞாபகமா?” ஆசையாகக் கேட்டான்.

“அதுவும்தான். ஆனா முக்கியமா காத்துக்கு. மரமெல்லாம் எரிஞ்சு போச்சே. துணி எப்படி ஆடுதுன்னு பார்த்துத்தான் எவ்வளவு தள்ளிக் குறி வைக்கறதுன்னு கணக்குப் போடுவாங்க. காத்து விஷயத்துல என்னைக்கூட நம்ப மாட்டாங்க. இதைத்தான் நம்புவாங்க.”

காய்ந்த துப்பட்டா, இருந்த கொஞ்சக் காற்றுக்கே எழும்பி ஆடியது.

“அக்காவுக்குக் குறி தப்பினதே இல்ல மாமா. அன்னிக்கு ஏன் தள்ளிப் போச்சுன்னு எனக்கு இன்னும் விளங்கல. தப்பினதும் எதிரி எங்க இடத்தைக் கண்டுபிடிச்சுட்டான்.” வந்தவன் தொட்டியைப் பார்த்தபடி சொன்னான். “சுடறதுக்கு முன்னாடி, கண்ணை எடுக்காமலே மெதுவாச் சொன்னாங்க. ‘கொடி ஆடவே இல்லடா. இன்னிக்குக் காத்தே இல்ல.’”