மழை மாதத்தில் மாலைதீவு

வெள்ளவத்தையில் றொசானா பயணச்சீட்டு விற்கத் தொடங்கி ஆறு வருடமாகிறது. மாலைதீவுக்குப் போக மழைக்காலத்தைக் கேட்டு வந்த முதல் குடும்பம் எட்வேட்டின் குடும்பம்தான்.

“அங்கிள், பெப்ரவரியில போங்கோ. கடல் கண்ணாடி மாதிரி இருக்கும்.”

“பெப்ரவரி வேணாம் மகள். மே கடைசியில போடுங்கோ.”

“அப்ப அங்க விடாம மழை பெய்யும். ரூமுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கவேண்டி வரும்.”

“ரூமுக்குள்ள தண்ணி வருமோ?” என்று அவருடைய மனைவி புளோறன்ஸ் கேட்டாள்.

“சீச்சீ, அது வராது அன்ரி.”

“அப்ப மே கடைசிதான்” என்றார்கள் இருவரும்.

மழைக்குத்தான் போவது என்றால் அறையாவது நல்லதாக இருக்கட்டும் என்று, கடலுக்கு மேலே கட்டிய வில்லாவின் படத்தை றொசானா எடுத்துக் காட்டினாள்.

“இதை எடுங்கோ அங்கிள். தரை முழுக்கக் கண்ணாடி. கட்டிலுக்குக் கீழ மீன் ஓடுறதைப் படுத்தபடியே பாக்கலாம்.”

எட்வேட் படத்தை மெல்லத் திருப்பி அவளிடமே தள்ளினார்.

“அதுக்கு ஏன் மகள் மாலைதீவு? மே கடைசி எண்டா வருஷா வருஷம் எங்கட கொலன்னாவை வீட்டுக்குள்ள வெள்ளம். போன முறையும் வெள்ளத்துக்கு ஒதுங்க சேர்ச் ஹோலுக்குப் போக முதல், கட்டிலுக்குக் கீழ மீன் ஓடுறதை வடிவாப் பாத்திட்டம்.”