கறுப்புப் பட்டியலில் விமலா

"என்னாங்க, போன வேகத்துலயே திரும்பி வந்துடுச்சு!"

விமலா கம்ப்யூட்டரை முறைத்தாள். அவள் அனுப்பிய விலைப்பட்டியலை ஈப்போ ஹோட்டல் வாங்க மறுத்துவிட்டது. 'உங்கள் முகவரி கறுப்புப் பட்டியலில் உள்ளது' என்று இங்கிலீஷில் நாலு வரி.

கோஸ் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த சீனி, "மறுபடியுமா?" என்று கேட்டதோடு சரி. அவனுக்கும் அலுத்துவிட்டது.

கேமரன் மலைக் காய்கறியை அடிவாரத்துச் சிம்பாங் பூலாய்க்கு இறக்கி, ஈப்போ டவுனுக்குப் போடுவதுதான் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் பிழைப்பு. இருப்பது ஒரே ஒரு லோரி. அந்த ஒரு ஹோட்டல்தான் பெரிய கை. வாராவாரம் திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் மெயிலில் விலை போய்ச் சேர வேண்டும், சேர்ந்தால்தான் ஆர்டர். மூன்று மாதமாக ஒன்றும் சேரவில்லை. இப்படியே போனால் லோரியை விற்றுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

ஸ்பேம், ஸ்பேம் என்கிறார்களே, அந்தக் கண்றாவிக்கு அவள் செய்யாத பரிகாரம் இல்லை. படம் இருந்தால் தடுக்கும் என்று யாரோ சொல்ல, மெயிலின் அடியில் இருந்த முருகனைக்கூட, "கோவிச்சுக்காதப்பா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு எடுத்துவிட்டாள். அப்பவும் ஒன்றும் நடக்கவில்லை.

ஹோட்டலில் சரக்கு வாங்கும் பொறுப்பில் இருக்கும் மதீசனுக்குப் போன் போட்டாள்.

"சார், இன்னிக்கும் மெயில் போகல. விலைய வாயால சொல்றேன், எழுதிக்குங்க."

"அப்படி எடுக்க ஏலாது, மேடம். மெயில்லதான் வரவேணும்."

"போனாத்தானே சார் வரும்!"

"சிஸ்டம் தடுக்குது. நான் என்ன செய்யிறது?"

வைத்துவிட்டான்.

"பாத்தீங்களா எகத்தாளத்த? ரப்பர் தோட்டத்துலேருந்து வந்த சனம்னா இவனுங்களுக்கு இளக்காரம். சிலோன்காரன் புத்தி!"

"எல்லாத்துக்கும் அதையே இழுக்காதே லா," என்றான் சீனி. "நம்ம பழைய பில்லையெல்லாம் அந்த ஆளுதானே ஓடியோடி ஹோட்டல கட்ட வச்சாரு?"

"கணக்க முடிச்சு நம்மள கழட்டி விட்டுட்டான். இது கூடவா புரியல?"

சீனி அடுத்த மூட்டையைத் தூக்கப் போய்விட்டான்.

மறுநாள் காலை, கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற தனேஷ் பக்கத்து டவுன் காம்பாரிலிருந்து வந்தான். தட்டினான், தேடினான், தலையைச் சொறிந்தான்.

"அலாமாக்! அக்கா, எந்தக் கறுப்புப் பட்டியல்லயும் உங்க பேரு இல்ல. மத்தவங்களுக்கு மெயில் போகுதா?"

"சின்னக் கடைங்களுக்கெல்லாம் போகுதே."

"அப்ப அந்த ஹோட்டல் உள்ளுக்குள்ளயே யாரோ உங்க பேரக் கையால போட்டு அடைச்சிருக்காங்க. வேணும்னே செஞ்ச வேலைக்கா இது."

விமலாவுக்குச் சுர்ரென்று உச்சந்தலைக்கு ஏறியது.

"அவன்தான்! அந்த மதீசனேதான்! நான் நேரா மேனேஜர்கிட்டயே போறேன். இன்னிக்கு அவன் சீட்டக் கிழிக்காம வர மாட்டேன்."

"கொஞ்சம் பொறு, யோசிச்சுப் போலாம்," என்று சீனி இழுத்தான். யாருக்குக் காது கேட்டது? அவள் லோரியில் ஏறிக் கதவைச் சாத்தியாயிற்று. ஓட்டுவதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை.

ஹோட்டலின் பின்பக்கக் கேட்டில் சங்கிலி தொங்கியது. வெளியே லோரியும் வேனுமாகத் தாறுமாறாக நின்றன. கோழி சப்ளை செய்யும் சுகுமாரன் ரோட்டோரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சுண்ணே?"

"இழுத்து மூடிட்டானுங்க, தங்கச்சி. முதலாளி ஓடிட்டானாம். மாசக்கணக்கா போட்ட கோழிக்கு ஒத்தக் காசு வரல. கேட்டப்பல்லாம் அடுத்த மாசம், அடுத்த மாசம்னானுங்க. நேத்துகூட இறக்கிட்டுப் போனேனே! என் பொழப்பே போச்சும்மா."

விமலா கேட்டுச் சங்கிலியை இழுத்துப் பார்த்தாள். சீனி அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"நாமளும் சரக்கு போட்டிருந்தா..." என்று தன் லோரியைத் திரும்பிப் பார்த்தான்.

பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு மதீசன் வந்தான். கசங்கின சட்டை, கையில் ஓர் அட்டைப்பெட்டி. கூட்டம் அவனை மொய்த்துக்கொண்டது. எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "எனக்கும் சம்பளம் வரல. என்கிட்ட ஒண்ணும் இல்ல."

விமலா முண்டியடித்துக் கிட்டே போனாள். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வசவில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"சார்... என் மெயில அடைச்சது நீங்கதானே?"

அவன் களைத்துப்போய்த் தலையாட்டினான்.

"ஓம், மேடம். இங்க போட்டா காசு வராதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. வெளியில சொன்னா என் வேலை போயிடும். அதான், ஒத்த வண்டி வச்சுப் பிழைக்கிற ஆட்களை மட்டும் பார்த்து அடைச்சேன்."

விமலாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கண் கலங்கியது. "உங்கள என்னென்னமோ பேசிட்டேன் சார்," என்றாள்.

பின்னால் வந்து நின்ற சுகுமாரனின் காதில் எல்லாம் விழுந்துவிட்டது. பாய்ந்து வந்து மதீசனின் சட்டையைப் பிடித்தார்.

"நானும் ஒத்த வேன்காரன்தானேய்யா? அவங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? என்னைய மட்டும் ஏன்யா அடைக்கல?"

மதீசன் சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட முயலவில்லை.

"உங்களையும்தான் அடைச்சேன், அண்ணே. நீங்கதான் மேனேஜர்கிட்ட என்மேல புகார் கொடுத்துத் திறக்க வச்சீங்க."