கண் சிமிட்டும் மயில்

அந்த மயிலை எங்கே தொலைப்பது என்பதுதான் காலையிலிருந்து வாத்தியாருக்கு ஒரே யோசனை.

மயில் என்றால் பறக்கிற மயில் இல்லை. மகளின் மாமியார், அதாவது வாத்தியாருக்குச் சம்பந்தியம்மா, கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல்களைப் பசை போட்டு ஒட்டிச் செய்த மயில். நடக்கப் பழகும் குழந்தையின் உயரம் இருக்கும். கண்ணுக்குச் சிவப்பு பல்பு வேறு. பேட்டரி போட்டால் சிமிட்டும். கிளிஞ்சலைச் சரியாகக் கழுவாததால் மீன் வாடை இலவசம்.

போன முறை இப்படித்தான் ஓர் ஆந்தை வந்தது. அதை இருட்டில் பார்த்துவிட்டு வாத்தியாரின் மனைவி போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. "இன்னொரு கிளிஞ்சல் உருப்படியோட வந்தீங்கன்னா, அதுவும் நீங்களும் வாசல்லயே படுத்துக்குங்க" என்று சொல்லித்தான் இந்தத் தடவை மகள் வீட்டுக்கு வழியனுப்பினாள்.

அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? பெண்ணைக் கொடுத்த வீடு. சம்பந்தியம்மாவோ தங்கமான மனுஷி. அவர் முகம் வாடினால் மகள் அல்லவா பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்?

ஊருக்குப் போக மாலையில்தான் பஸ். அதுவரை கடற்கரையில் ஆற அமரப் பொழுதைக் கழிக்கலாம் என்று வாத்தியார், மகள், சம்பந்தியம்மா மூவரும் கிளம்பினார்கள். பெரிய துணிப்பைக்குள் மயிலும் கூடவே வந்தது.

முதலில், கலங்கரை விளக்கத்துப் படியோரம் பையை வைத்துவிட்டு நைசாக நழுவினார் வாத்தியார். ஐஸ்கிரீம்காரர் வியாபாரத்தைப் போட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார், பையை மறந்துட்டீங்க."

"நல்லா இருப்பா" என்றார் வாத்தியார், பல்லைக் கடித்துக்கொண்டு.

அடுத்து, படகுத் துறையில் ஒரு பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தார். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று பையின் காதை ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தது.

"என்னப்பா நீங்க, கைல இருக்கறது கூடவா மறந்துபோகும்?" என்றாள் மகள்.

இத்தனை பெரிய ஊரில் ஒரு திருடனுக்குக் கூடவா வழியில்லை? வாத்தியாருக்கு வெறுத்தே போய்விட்டது.

இருந்தான். சிவப்புத் தொப்பி போட்ட ஒருவன், மணலில் உட்கார்ந்துகொண்டு, கடலைப் பார்க்காமல் அடுத்தவர் பைகளையே நோட்டம் விட்டுக்கொண்டிருந்தான். வாத்தியாருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

மற்ற இருவரும் அலையில் கால் நனைக்கப் போன சமயம் பார்த்து, பையை அவன் பக்கத்தில் வைத்தார். சற்றுத் தள்ளிப்போய், முதுகைக் காட்டி நின்று, கண்ணையும் மூடிக்கொண்டார். திரும்பிப் பார்த்தபோது பையும் இல்லை, தொப்பியும் இல்லை. அவன் பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்கட்டும்.

முகத்தை மட்டும் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். "சம்பந்தியம்மா, மயிலை எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். போகட்டும் விடுங்க, அவனுக்கு என்ன கஷ்டமோ."

"கஷ்டம்னு கேட்டிருந்தா அவனுக்கும் ஒண்ணு செஞ்சு கொடுத்திருப்பேனே. இது உங்களுக்குன்னு பாத்துப் பாத்துச் செஞ்சது." சம்பந்தியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நடங்க ஸ்டேஷனுக்கு."

ஸ்டேஷனுக்குள் நுழைந்தால், எதிரிலேயே சிவப்புத் தொப்பி. வாத்தியாருக்குப் பகீரென்றது.

"அதுக்குள்ள பிடிச்சுட்டீங்களா? விட்டுடுங்க சார், நல்ல பையன்" என்று அங்கே நின்ற காவலரிடம் கெஞ்சினார்.

"அவரை நான் எங்கங்க விடறது? அவர்தான் எங்க ஏட்டு."

ஏட்டு தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "மப்டி டியூட்டி சார். பீச்சுல கேட்பாரில்லாம கெடக்கிற பையெல்லாம் எடுத்து வைக்கிறது நான்தான். இந்த மாதிரிச் சரக்கு நெறைய வருது. உங்களுது எதுன்னு பாத்து எடுத்துக்குங்க."

சொல்லிக்கொண்டே பீரோவைத் திறந்தார்.

மயில் கண் சிமிட்டியது. அதற்குப் பின்னால் கிளிஞ்சல் யானை, கிளிஞ்சல் முதலை, கழுத்து மடங்கிய கிளிஞ்சல் ஒட்டகச்சிவிங்கி. மகளைப் பார்க்க வந்துபோன வாத்தியாரின் அண்ணன், தங்கை, மைத்துனர் என்று ஒவ்வொருவருக்கும் சம்பந்தியம்மா ஆசை ஆசையாகச் செய்து கொடுத்தனுப்பியவை. மகள் தரையைப் பார்த்தாள்.

சம்பந்தியம்மா யானையைத் தடவினார், முதலையைத் தடவினார். கண்கள் கலங்கிவிட்டன.

"உங்க சொந்தத்துல ஒருத்தர் பாக்கியில்லாம திருட்டு கொடுத்திருக்காங்க, என் மனசு நோகக் கூடாதுன்னு யாருமே வாயத் திறக்கலை பாருங்க" என்று மூக்கை உறிஞ்சியவர், ஏட்டின் பக்கம் திரும்பிச் சொன்னார்: "எல்லாத்தையும் பஸ்ல ஏத்த ஒரு கை பிடிங்க தம்பி, சம்பந்தியே அவங்கவங்க வீட்டுல பத்திரமா சேத்துடுவார்."