குடிக்கிற மாதிரி ஒரு போட்டோ

"குடிங்க அம்மணி, கூச்சப்படாதீங்க" என்று சுந்தரராஜுலு மறுபடியும் சொன்னார்.

டிராஃபிக் போலீஸ் சண்முகப்பிரியா மோர் டம்ளரைக் கையில் பிடித்தபடி சிரித்தாள். குடிக்கவில்லை.

திருச்சி ரோடு சிக்னலில் மத்தியான வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. ரோட்டை அகலப்படுத்தியபோது மரமெல்லாம் போய்விட்டது. பைக்கில் வந்தவர்கள் வெள்ளைக் கோட்டுக்கு ரொம்பப் பின்னாலேயே, ஒரு விளம்பரப் பலகையின் நிழலில் ஒண்டி நின்றார்கள். அவளுக்கு அந்த வசதியும் இல்லை.

சுந்தரராஜுலு சேவைச் சங்கத் தலைவர். ஒவ்வொரு கோடையிலும் சங்கம் ஏதாவது செய்யும். போன வருஷம் குருவிகளுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தார்கள். ஒரு குருவிகூட கேமராவுக்கு முன்னால் வந்து குடிக்கவில்லை.

அதனால் இந்த வருஷம் மனுஷர்களே போதும் என்று முடிவானது. வெயிலில் நிற்கும் போலீசுக்கு மோர், ஒரு தொப்பி, ஒரு துண்டுப் பிரசுரம். பிரசுரத்தை அவரே எழுதியிருந்தார். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள் என்பது அதன் முதல் வரி.

இதற்கு முந்தின சிக்னல்களில் ஒரு சிக்கலும் இல்லை. அங்கே நின்ற ஆண் போலீசார் ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார்கள். இந்தப் பெண்தான் படுத்துகிறாள்.

மோர்மேல் சந்தேகமோ என்று அவருக்குத் தோன்றியது.

"தொண்டாமுத்தூர்ல நம்ம தோட்டத்து மாடுங்க. ஊட்டுத் தயிரு."

"ஐயோ, அதுக்கில்லீங்க சார். அப்புறமாக் குடிச்சுக்கறனுங்க."

அப்புறம் குடித்தால் படத்துக்கு என்ன செய்வது?

சங்கத்துக்கு எப்போதும் போட்டோ எடுக்கும் பஷீர், நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டார். குடிக்கிற மாதிரி சும்மா வைத்தால்கூடப் போதும் என்றார். அவள் டம்ளரை உதட்டில் வைத்தாள். பஷீர் கேமராவுக்குள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தொண்டை அசையவில்லையாம்.

சுந்தரராஜுலுவுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு தூரம் வந்து கெஞ்ச வேண்டியிருக்கிறதே. அவள் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தார்.

"உதடெல்லாம் வெடிச்சுக் கெடக்குது பாரு. இப்படித் தண்ணி குடிக்காம இருந்தா கிட்னி என்னத்துக்கு ஆகும் கண்ணு?"

"டாக்டரும் அதையேதான் சொன்னாருங்க. போன மாசம் நீர்க்கடுப்பு முத்திப்போயி ஆஸ்பத்திரியில சேத்துப்போட்டாங்க." ஒரு பஸ்சைக் கை காட்டி அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "குடிச்சாப் போகோணுமில்லீங்க. ட்யூட்டி முடியற வரைக்கும் எங்கீங்க போறது?"

அவர் அந்தப் பக்கம் யோசித்ததே இல்லை. பிரசுரத்தில் குடிப்பது வரைதான் இருந்தது.

"இத்தனை பெரிய ரோட்டுல ஒரு பாத்ரூமா இல்லாமப் போச்சு?"

"அந்தக் கடையில இருக்குதுங்க. வெள்ளகோவில்ல இருந்து மாத்தலாகி வந்த புதுசுல ஒருக்கா போய்க் கேட்டனுங்க. கஸ்டமருக்கு மட்டுந்தான்னு செக்யூரிட்டி சொல்லிப்போட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியாதுங்க. மொதலாளி கண்டிசனாம்."

அவள் கை காட்டிய இடத்தில் நாலு மாடிக்குக் கண்ணாடி பளபளத்தது. குளியலறைச் சாமான்கள் விற்கும் ஷோரூம். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று வெஸ்டர்ன் டாய்லெட்டுகள், மாடி மாடியாக, ரோட்டைப் பார்த்தபடி.

பஷீர் திரும்பி அந்தக் கட்டடத்தைப் பார்த்தார். பிறகு லென்ஸில் இல்லாத தூசியைக் கவனமாகத் துடைக்க ஆரம்பித்தார்.

அந்த ஷோரூமின் திறப்பு விழாவுக்கும் அவர்தான் போட்டோ எடுத்தார். இடுப்பில் பேத்தி லாஸ்யா, கையில் கத்திரிக்கோல், முகம் கொள்ளாத சிரிப்பு என்று ரிப்பன் முன்னால் முதலாளி சுந்தரராஜுலு நின்ற படம், இன்றைக்கும் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது.

சுந்தரராஜுலு தொண்டையைச் செருமினார்.

"அது நமக்குத் தெரிஞ்சவங்க கடைதான் அம்மணி" என்றார். "நான் ஒரு வார்த்தை சொல்லிப்போடறேன். இனிமே நீ எப்ப வேணும்னாலும் போலாம். தைரியமாக் குடி."

"நெசமாங்க சார்?"

"நான் சொல்றனில்ல?"

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

பிறகு குடித்தாள். விடிகாலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து குடிக்காமல் விட்டதையெல்லாம் சேர்த்துக் குடிக்கிறவள் போலக் குடித்தாள். அடுத்த டம்ளரைத் தானே கேட்டு வாங்கினாள். அதற்கு மேல் ஒரு பாட்டில் தண்ணீர். கண்கள் தாமாக மூடிக்கொண்டன. மோர் ஒரு சொட்டு கழுத்து வழியாக இறங்கிக் காலரை நனைத்தது.

பஷீர் விடாமல் எடுத்துத் தள்ளினார்.

"ரொம்ப நன்றிங்க சார்" என்றாள், மூச்சு வாங்க.

சுந்தரராஜுலுவுக்கு மனசு நிறைந்துவிட்டது. காரில் ஏறி ஏசியைக் கூட்டி வைத்தார். இன்னும் சில சிக்னல்கள் பாக்கியிருந்தன.

சாயங்காலம் சங்கத்து ஹாலில் படங்களைத் திரையில் ஓட்டினார்கள். ஒரு படம் வந்ததும் எல்லோரும் நிறுத்தச் சொன்னார்கள். பத்திரிகைக்கு இதுதான் போக வேண்டும், அந்தப் பெண்ணின் முகத்தில் என்ன ஒரு நிம்மதி என்றார் செயலாளர் சென்னகேசவன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான், கடைக்குப் போன் பண்ணவே இல்லை என்பது சுந்தரராஜுலுவுக்கு நினைவு வந்தது.

கை அவசரமாகச் சட்டைப் பைக்குப் போனது. போனை எடுத்தவர், எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

இந்நேரம் அவளுக்கு ட்யூட்டி முடிந்திருக்கும்.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு.