பன்னிரண்டாவது படம்

"படமில்லாத பதிப்பு பாதி விலைக்குக் கிடைக்குமே சார். இதையா தைச்சு வச்சுக்கணும்?"

"படிக்கும்போது கதாநாயகிக்கு நானா ஒரு முகம் வச்சிருப்பேன். பக்கத்தைத் திருப்பினா ஓவியர் வேற முகம் வரைஞ்சிருப்பார். எங்க ரெண்டு பேருக்கும் சண்டை வரும். அந்தச் சண்டைக்காகத்தாங்க படம் வேணும்."

போன வருஷம் நடந்த இந்தப் பேச்சை மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் ஒரு வார்த்தை விடாமல் நினைவில் வைத்திருந்தார். முதுகு கிழிந்த பழைய நாவல் ஒன்றைத் தைக்கக் கொடுக்கப் போயிருந்தார். பைண்டிங் கடைப் பெண் அவர் பதிலைக் கேட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து எந்த நாவலைப் படித்தாலும் கதாநாயகிக்கு அவள் முகம்தான்.

நாற்பத்து மூன்று வயதுவரை கல்யாணப் பேச்சை எடுத்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவருக்கு, இப்போது பைண்டிங் கடைக்குப் போக ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அவளோ புத்தகத்தைக் கல்லுப்போலத் தைத்துக் கொடுத்துவிட்டாள்.

நாவலில் பன்னிரண்டு வண்ணப் படங்கள். வழவழப்பான தாளில் தனித்தனியாக அச்சடித்து ஒட்டியவை. ஒருநாள் கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, முதல் படத்தை ஆவியில் காட்டி மெதுவாகப் பிரித்தார். "விழுந்துடுச்சுங்க" என்று கொண்டுபோய் நீட்டினார். தன் வேலையில்தான் குறை என்று சொல்லி, காசு வாங்காமல் ஒட்டிக் கொடுத்தாள்.

அதன்பிறகு மாதம் ஒரு படம், வரிசையாக. இரண்டாவது படத்திலிருந்தே தண்ணீர் கொதிக்கும் முன் தாள் கையோடு வந்தது. தொழில் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். பசை காயும்வரை ஓவியர் கதாநாயகியின் மூக்கைக் கூர்மையாக்கிவிட்டாரா, பாவாடைக்கு இந்த நிறம் பொருந்துமா என்று இருவரும் வாதாடுவார்கள். கேட்க வந்ததை மட்டும் தேநீரோடு விழுங்கிவிட்டு வீடு திரும்புவார். "அண்ணா, அந்தப் புத்தகத்துக்கு நடக்கிற வைத்தியம் மனுஷனுக்குக்கூட நடக்காது" என்பாள் வீட்டில் அவர் தங்கை.

இன்று கொண்டுவந்தது பன்னிரண்டாவது படம். கதாநாயகன் வாசலில் குடையோடு பேசாமல் நின்றிருந்தான். இதையும் ஒட்டிவிட்டால் இனி இங்கே வர வழியில்லை.

படத்தை வாங்கிய அவள் வழக்கம்போலச் சிரிக்கவில்லை. தன் கைக்கு என்னவோ ஆகிவிட்டது, ஒட்டினது எதுவும் நிற்பதில்லை, பேசாமல் கடையை மூடிவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாள்.

கடையை மூடுவதா? தன்னாலா? இனி முகத்தில் விழிக்காதே என்று சொன்னாலும் சொல்லட்டும்.

"உங்க கையில ஒரு குறையும் இல்லைங்க. படம் எதுவும் தானா விழல. நான்தான் ஆவியில காட்டிப் பிரிச்சேன்."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல இருந்தது. வெளியே போ என்ற சொல்லுக்குக் காத்திருந்தார்.

அவள் படத்தின் ஓரத்தில் நிதானமாகப் பசை தடவினாள்.

"முதல் படத்தை மட்டும்தானே சார் ஆவியில காட்டினீங்க?"

அவர் நிமிர்ந்தார்.

"அதோட பின்பக்கம் நெளிஞ்சிருந்ததைப் பார்த்ததுமே புரிஞ்சுடுச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் ஒண்ணை ஒட்டிட்டு, அடுத்த படத்தைத் தளர்த்தி அனுப்பினது நான்தான்." இப்போது சிரித்தாள். "இதுதான் கடைசி. இனிமே தளர்த்தறதுக்குப் படம் இல்லை."

ஊருக்கெல்லாம் பார்வை சோதிக்கிறவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு வருஷமாக விழுங்கியதைக் கேட்டே விட்டார்: "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"