மாஸ்டரின் கோல்

“ஆள் வர்ற நேரம் பாத்துத்தான் முற்றத்தைக் கழுவணுமா?”

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். தங்கை குழாயை மூடினாள். முற்றம் முழுக்கச் சேறு குழம்பிக் கிடந்தது.

வாசலில் வந்து நின்ற வண்டி பெரிய குதிரைப் பண்ணையுடையது. அதில் வந்தவர் அங்கே மாஸ்டர். ஒரு குட்டி வளர்ந்தால் எவ்வளவு உயரம் நிற்கும் என்று இப்போதே சொல்லிவிடுவார். அவர் தலையசைத்தால் இந்த வீட்டுக் குதிரைக்குட்டி இன்றே வண்டியேறும். உதட்டைப் பிதுக்கினால் அது இங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

மாஸ்டர் இறங்கியதும் பளபளக்கும் தன் பூட்ஸைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மூன்றில் அவருக்குப் பிடித்தது பூட்ஸ் மட்டும்தான் என்று முகத்திலேயே தெரிந்தது.

குட்டியை வெளியே ஓட்டி வரட்டுமா என்று அண்ணன் குழைந்தான். அவள் சட்டென்று மாஸ்டரின் பூட்ஸைப் பார்த்தாள்.

“இந்தச் சாக்கடைக்கா? வேணாம்.” மாஸ்டர் சுவரோரமாகக் கால் வைத்துத் தாண்டி லாயத்துக்குள் போனார். உள்ளே புது வைக்கோல் புசுபுசுவென்று பரப்பியிருந்தது. “மெத்தையெல்லாம் பலமா இருக்கே. அரண்மனைக் குதிரைன்னு நினைப்போ?”

அவள் முந்திக்கொண்டாள். “நல்லா வளரும் சார். தாய்க்குதிரை அவ்வளவு உசரம். அது செத்ததும் நான்தான் புட்டிப்பால் குடுத்து...”

“புட்டிப்பாலா? அப்ப ஆட்டுக்குட்டின்னு சொல்லு.”

பிறகு பாடம் நடத்தினார். குட்டிக்குக் கால் முதலிலேயே ஏறக்குறைய முழு நீளம் வந்துவிடுமாம். அதன்பின் வளர்வது உடம்புதானாம். முன்னங்கால் மார்போடு சேரும் மூட்டிலிருந்து தரைவரை அளந்து, அதை இரண்டு மடங்காக்கினால் வருங்கால உயரம் வந்துவிடும் என்றார்.

“கால்ல ஒரு விரல் தப்பினா உசரத்துல ரெண்டு விரல் தப்பிடும். கண்ட ஆளும் அளக்கக் கூடாதுன்னு அதுக்குத்தான் சொல்றது.”

வெள்ளிப் பூண் போட்ட கோலைக் குட்டியின் காலருகே வைக்கோல்மேல் வைத்தார். அவருக்குக் குனிய மனமில்லை. நின்றபடியே அளவுக் கோட்டைப் படித்தார். குட்டி ஆசையாக அவர் சட்டைக்கையை நக்கியது. சீ என்று உதறினார். அவள் கதவுக் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“இது வளராது.”

அண்ணனின் முகம் தொங்கிப்போனது. தங்கள் பண்ணைக் குதிரைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் இது பொம்மை போலிருக்கும், கோமாளிகூட ஏற மாட்டான் என்று மாஸ்டர் அடுக்கிக்கொண்டே போனார்.

“இன்னொரு தடவை அளந்து பாருங்களேன் சார்,” என்றாள் அவள்.

“என் கோல் மேலயே சந்தேகமா? நீ போய் முற்றத்தைக் கழுவும்மா.”

அங்கேயே பண்ணைக்குப் போன் போட்டு, கழுதை ரகம், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

வண்டி போனதும் அண்ணன் வெடித்தான். பெரிய மனுஷன் முன்னால் மானம் போனதற்கு அவளும் அவள் செல்லமும்தான் காரணமாம். “அந்தக் குள்ளக் கழுதைய நீயே வச்சுக் கட்டி அழு. இனிமே நான் இந்த லாயத்துப் பக்கம் வந்தா என்னன்னு கேளு.”

சேற்றில் ஒருமுறை சறுக்கி, யாரையோ திட்டிக்கொண்டே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவள் கண்ணைத் துடைத்தாள். குட்டியின் காலடியில் உட்கார்ந்து வைக்கோலை இரண்டு கையாலும் வாரி வாரி ஒதுக்கினாள். முதலில் கணுக்கால் தெரிந்தது. பிறகு குளம்பு. ஒரு சாண் ஆழத்தில், கடைசியாகத் தரை.

“போயிட்டான். இனிமே நிமிர்ந்து நில்லுடா, நெட்டையா.”